"நல்லாத்தானே ஓடுது, எதுக்குக் கை வைக்கணும்?"

கேள்வி: சுமார் இருபது பேர் வேலை பார்க்கும் ஒரு ஐடி நிறுவனத்தில் டெவலப்பராக இருக்கிறேன். சர்வர்களை அமைத்த அண்ணன் இரண்டு வருடத்துக்கு முன்பு வேறு வேலைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்தப் பொறுப்பும் என் தலையில்தான். வாடிக்கையாளர்களின் ஆறு வெப் அப்ளிகேஷன்கள் ஓடும் லைவ் சர்வரில் சென்ட்ஓஎஸ் 7 என்ற ஓஎஸ், பிஎச்பி 7.2, மைஎஸ்கியூஎல் 5.7 டேட்டாபேஸ் இருக்கின்றன. அலுவலகத்தில் உள்ள இன்னொரு சர்வரிலும் சென்ட்ஓஎஸ் 7தான். அதில் நிரல்களை வைக்கும் கிட், அவற்றை லைவ் சர்வரில் ஏற்றும் ஜென்கின்ஸ், போஸ்ட்கிரெஸ் 9.6 டேட்டாபேஸை வைத்து ஓடும் டிக்கெட் சிஸ்டம். பேக்கப் தினமும் ராத்திரி ஒரு நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) போகிறது. முதலாளியிடம் அப்கிரேட் பற்றிப் பேசினால் "நல்லாத்தானே ஓடுது, எதுக்குக் கை வைக்கணும்?" என்கிறார். ஒருவழியாக, அடுத்து வரும் மூன்று நாள் தொடர் விடுமுறையில் செய்துகொள்ளச் சம்மதித்திருக்கிறார். அதற்குள் ஓஎஸ், பிஎச்பி, மைஎஸ்கியூஎல் எல்லாவற்றையும் அப்கிரேட் செய்து, அப்படியே கிளவுடுக்கு மாற்றி, அப்ளிகேஷன்களைத் தனித்தனிப் பெட்டியாகக் கட்டி ஓட்டும் டாக்கரையும் கொண்டுவந்துவிடலாம் என்று இருக்கிறேன். எதை முதலில் செய்வது? இருக்கும் சர்வரிலேயே செய்யலாமா, புதிதாகப் போடலாமா? ஜென்கின்ஸையும் சேர்த்தே மாற்றிவிடலாமா? அந்தப் பெட்டிகளை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் தேவைப்படுமா? முதலாளிக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அன்பு நண்பருக்கு,

நீங்கள் கேட்காத ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நாஸ் பெட்டியில் தினமும் விழும் அந்த பேக்கப்பை எடுத்து, வெறும் மெஷின் ஒன்றில் போட்டு, ஆறு அப்ளிகேஷன்களில் ஒன்றையாவது யாராவது ஓட்டிப் பார்த்திருக்கிறார்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. யாரும் பார்த்ததில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் உங்கள் முதல் வேலை ரீஸ்டோர். அப்கிரேட் அதற்குப் பிறகு வரட்டும்.

பாதுகாப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் லைவ் சர்வரில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் போய்விட்டார். அந்த சர்வரை இன்னொரு மெஷினில் முதலிலிருந்து எழுப்பிக் காட்ட முடிந்துவிட்டால், அந்த அறிவு உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு புதிய சர்வருக்கு மாறுவது, அதே வேலையைப் புதிய வெர்ஷன்களோடு இன்னொரு முறை செய்வதுதான். ரீஸ்டோர் ஒத்திகையும் மாற்றமும் இரண்டு தனித்தனி வேலைகள் என்று பலரும் நினைத்து, முதலாவதைத் தவிர்த்துவிட்டு இரண்டாவதில் இறங்கி மாட்டிக்கொள்கிறார்கள்.

பேக்கப் என்று ஒரு ஃபைல் இருப்பதற்கும், அதிலிருந்து திரும்பி வர முடிவதற்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்க முடியும் என்பதற்கு கிட்லேப் நிறுவனத்தின் அனுபவத்தைச் சொல்கிறேன். 2017 ஜனவரி 31 அன்று அவர்களுடைய பொறியாளர் ஒருவர், ஒரு கோளாறைச் சரிசெய்யும் அவசரத்தில், தவறான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். அழிந்ததை மீட்கப் போனால், தினசரி டம்ப் (டேட்டாபேஸை முழுதாக எழுதியெடுத்த ஃபைல்) இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அவர்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6; டம்ப் எடுக்கும் கருவியோ 9.2 வெர்ஷனில் ஓடி, ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மெயில்கள் முறையாகக் கையொப்பமிடப்படாததால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அன்று அவர்களைக் காப்பாற்றியது, வேறொரு சோதனைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்பு கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து டிஸ்க்கின் நகல். நடந்ததை முழுக்க அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது அழித்த கை கிடையாது. டேட்டாபேஸை ஒருபக்கம் அப்கிரேட் செய்துவிட்டு, அதைச் சுற்றி இருந்த கருவி எந்த வெர்ஷனில் ஓடுகிறது என்று பார்க்காமல் விட்ட அந்த இடைவெளிதான். நீங்கள் இறங்கப்போகும் வேலையும் அதுவேதான்.

ஆகவே ஒரு மாதத்துக்கு ஒரு விர்ச்சுவல் மெஷினை வாடகைக்கு எடுங்கள். ஆறில் சின்ன அப்ளிகேஷனைத் தேர்ந்தெடுங்கள். லைவ் சர்வரிலிருந்து எதையும் எட்டிப் பார்த்துக் காப்பி செய்யாமல், பேக்கப்பில் இருப்பதை மட்டும் வைத்து அதை ஓடவைக்கப் பாருங்கள். முதல் முயற்சியில் ஓடாது. ஓடாத ஒவ்வொரு இடமும் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித் தரும். மைஎஸ்கியூஎல் டம்ப் கட்டளை, தனியாகக் கேட்டாலொழிய, டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதிவைத்த ஸ்டோர்டு புரொசீஜர்களையும், நேரம் வைத்து ஓடும் ஈவென்ட்டுகளையும் எடுக்காது. உங்கள் பேக்கப் ஸ்கிரிப்ட்டில் அந்த ஆப்ஷன்கள் இருக்கின்றனவா என்று அன்றைக்குத்தான் தெரியும். டேட்டாபேஸ் பயனர்களும் அவர்களுடைய அனுமதிகளும் வராமல் இருக்கலாம். வாடிக்கையாளர்கள் அப்லோடு செய்த ஃபைல்கள் நிரல் இருக்கும் டைரக்டரிக்கு வெளியே எங்கோ கிடக்கலாம். கான்ஃபிக் ஃபைல் கிட்டில் இல்லாமல் சர்வரில் மட்டும் இருக்கலாம்.

இதைச் செய்யும்போது டைப் செய்யும் ஒவ்வொரு கட்டளையையும் ஒரு ஃபைலில் எழுதி கிட்டில் போடுங்கள். சர்வர் அமைக்கும் கருவியான ஆன்சிபிள் தெரிந்தால் அதில் எழுதலாம், தெரியாவிட்டால் சாதாரண ஷெல் ஸ்கிரிப்ட் போதும். பிறகு அந்த மெஷினை அழித்துவிட்டு, எழுதியதை மட்டும் வைத்து இன்னொரு முறை எழுப்புங்கள். கூடவே உங்கள் டீமில் இன்னொருவரைக் கூப்பிட்டு, நீங்கள் வாய் திறக்காமல், அந்த ஃபைலைப் பார்த்து அவரையே எழுப்பச் சொல்லுங்கள். அவர் முடித்துவிட்டால், "ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும்" என்ற நிலை உங்கள் நிறுவனத்தில் முடிந்துவிட்டது.

ஒத்திகை பார்த்தாலும் கண்ணில் படாத சில சங்கதிகள் உண்டு. லைவ் சர்வரில் உட்கார்ந்து அவற்றைத் தேடித்தான் எழுத வேண்டும். ரூட்டின் கிரான்டேப் (நேரம் வைத்துத் தானே ஓடும் வேலைகளின் பட்டியல்) மட்டும் போதாது, ஒவ்வொரு பயனரின் கிரான்டேப்பையும் பாருங்கள். எந்தெந்த போர்ட்டில் எது கேட்டுக்கொண்டிருக்கிறது, ஹோஸ்ட்ஸ் ஃபைலில் யாராவது ஐபி முகவரியைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்களா, எஸ்எஸ்எல் சான்றிதழைப் புதுப்பிப்பது எது, சர்வரின் டைம்ஸோன் என்ன. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தெரியும். ஆனால் புதிய சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் வருகின்றன. நள்ளிரவில் ஓட வேண்டிய ரிப்போர்ட் விடிகாலை ஐந்தரைக்கு ஓடும், தேதி மாறும் நேரத்தில் வரும் பதிவுகள் தப்பான நாளில் விழும்.

இந்தப் பட்டியலில் அதிக நாள் பிடிப்பது உங்கள் கையில் இல்லாத ஒன்று. பேமென்ட் கேட்வே, எஸ்எம்எஸ் சேவை, வாடிக்கையாளர்களின் உள் ஏபிஐ என்று உங்கள் சர்வரின் ஐபி முகவரியை ஒயிட்லிஸ்ட்டில் (அனுமதிப் பட்டியலில்) வைத்திருக்கும் வெளியார் அனைவரிடமும் புதிய ஐபியைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். சிலர் ஒரு மெயிலில் முடித்துவிடுவார்கள். சிலர் படிவம் கேட்பார்கள், ஒப்புதல் கேட்பார்கள், வாரக்கணக்கில் இழுப்பார்கள். இன்றைக்கே மெயில் அனுப்பத் தொடங்குங்கள். மெயில் என்றதும் இன்னொன்று: அப்ளிகேஷன்கள் சர்வரிலிருந்தே நேரடியாக மெயில் அனுப்பினால், எந்த சர்வர் உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் புதிய ஐபியைச் சேர்த்து, ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸையும் அமைக்க வேண்டும். விட்டால் எல்லாம் ஓடுவதுபோல் இருக்கும், பாஸ்வேர்ட் ரீசெட் மெயில்கள் மட்டும் ஸ்பாமில் போய்ச் சேரும்.

போன அண்ணனுக்கு ஒரு போன் செய்யுங்கள். தயங்க வேண்டாம். "அண்ணே, ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா, நான் சர்வரை ஒழுங்குபடுத்துறேன்" என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகவே உதவுவார்கள். தான் கட்டியதைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதே நேரம், அவருடைய எஸ்எஸ்எச் கீ (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் சாவி) இன்னும் சர்வரில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது அவரைச் சந்தேகிப்பது ஆகாது. அவர் லேப்டாப் தொலைந்தாலும் உங்கள் சர்வர் பத்திரமாக இருக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்விகள்.

இருக்கும் சர்வரிலேயே அப்கிரேட் செய்ய வழி இல்லாமல் இல்லை. ஆல்மாலினக்ஸ் குழுவினரின் எலிவேட் என்ற கருவி சென்ட்ஓஎஸ் 7-ஐ அடுத்தடுத்த வெர்ஷன்களுக்குக் கொண்டுபோகும். உங்கள் நிலையில் அதைச் செய்ய வேண்டாம் என்பேன். சென்ட்ஓஎஸ் 7-க்குள்ளேயே வரும் பிஎச்பி 5.4, உங்களிடம் இருப்பது 7.2. வெளி ரெப்பாசிட்டரியிலிருந்து யாரோ ஏற்றியிருக்கிறார்கள். இன்னும் என்னென்ன அப்படி வந்திருக்கின்றன என்று தெரியாத ஒரு சர்வரை, வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கும்போதே அடியோடு மாற்றுவதில் பின்வாங்கும் வழி இல்லை. பக்கத்தில் புதிய சர்வரை எழுப்புங்கள், பழையது தொடாமல் ஓடட்டும். ஓஎஸ் தேர்வில் நேரம் செலவழிக்க வேண்டாம். உங்கள் கைப்பழக்கம் சென்ட்ஓஎஸ் என்பதால் ஆல்மாலினக்ஸ் 9 அல்லது ராக்கி லினக்ஸ் 9 போடுங்கள், இரண்டுக்கும் 2032 வரை ஆதரவு உண்டு. உபுண்டு 24.04 பழக்கம் என்றால் அதுவும் நல்லதே. ஒன்று மட்டும்: ஆல்மாலினக்ஸ், ராக்கி இரண்டிலும் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு விழித்திருக்கும். எல்லா அனுமதியும் சரியாக இருந்தும் ஃபைல் எழுத முடியவில்லை என்றால் அதன் லாகைப் பாருங்கள், உடனே அதை அணைத்துவிடாதீர்கள்.

வரிசைக்கு வருவோம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஓஎஸ், பிஎச்பி, டேட்டாபேஸ், இருக்கும் இடம் என நான்கும் ஒரே ராத்திரியில் மாறினால், காலையில் ஒரு பக்கம் மெதுவாகத் திறக்கும்போது நான்கில் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: புதிய ஓஎஸ், புதிய பிஎச்பி உள்ள சர்வரில் அப்ளிகேஷன்கள் முதலில் போகட்டும். அவை கொஞ்ச நாள் பழைய சர்வரில் உள்ள மைஎஸ்கியூஎல் 5.7-ஐயே நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தட்டும். அது நிலைபெற்ற பிறகு டேட்டாபேஸ். இதற்கு இரண்டு சர்வர்களும் ஒரே டேட்டா சென்டரில், பிரைவேட் நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு நூறு கொயரி போடும் பழைய அப்ளிகேஷன், தூரத்தில் இருக்கும் டேட்டாபேஸோடு பேசினால் தவழும். ஆறையும் ஒன்றாக நகர்த்தவும் வேண்டாம். பழைய சர்வரின் வெப் சர்வரையே ரிவர்ஸ் பிராக்ஸியாக, அதாவது வரும் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் இடையாளாக வைத்து, ஒவ்வொரு அப்ளிகேஷனாகப் புதிய சர்வருக்குத் திருப்பிவிடலாம். சரிப்படவில்லை என்றால் ஒரு வரியை மாற்றினால் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

பிஎச்பி 7.2-லிருந்து 8-க்குப் போவதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. உடைவது தெரிந்தால் பயமில்லை. இல்லாமல் போன ஃபங்ஷன்கள், காலியான மதிப்பை எண்ணச் சொன்னால் வரும் பிழை, இவை எல்லாம் சோதனையில் சத்தமாகக் கத்திவிடும். சத்தமே போடாமல் மாறும் ஒன்று இருக்கிறது. பூஜ்யத்தையும் ஏதோ ஒரு சொல்லையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் பிஎச்பி 7 இரண்டும் சமம் என்று சொல்லும், பிஎச்பி 8 இல்லை என்று சொல்லும். பிழைச்செய்தி எதுவும் வராது. எங்கோ ஒரு நிபந்தனை தலைகீழாகப் போகும், ஒரு தள்ளுபடி விழாமல் போகும் அல்லது விழக்கூடாத இடத்தில் விழும். நிரலை அலசிச் சொல்லும் கருவிகள், பிஎச்பி கம்பாட்டிபிலிட்டி, ரெக்டர் போன்றவை, நிறைய உதவும். ஆனால் பணக் கணக்கு நடக்கும் ஃபைல்களில் இப்படிப்பட்ட ஒப்பீடுகளை நீங்களே ஒவ்வொன்றாகத் தேடிப் படியுங்கள். இதை வேறு யாரும் உங்களுக்காகச் செய்ய மாட்டார்கள்.

மைஎஸ்கியூஎல் 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்தது. 8.0 வரிசைக்கும் 2026 ஏப்ரல்தான் எல்லை. எனவே உங்கள் இலக்கு 8.4. ஆனால் 5.7-லிருந்து நேராக அங்கே தாவ முடியாது; 8.0-ல் ஏற்றி அங்கிருந்து 8.4 போக வேண்டும். மைஎஸ்கியூஎல் ஷெல்லில் அப்கிரேட் சரிபார்க்கும் கருவி இருக்கிறது, அதை முதலில் ஓட்டுங்கள். அது காட்டினாலும் காட்டாவிட்டாலும் சிலவற்றைக் கண்ணால் பாருங்கள். ரேங்க் என்ற பெயரில் யாராவது டேபிளில் ஒரு நெடுவரிசை வைத்திருந்தால், 8.0-ல் அது ஒதுக்கப்பட்ட சொல், கொயரி உடையும். குரூப் பை போட்டாலே வரிசையாக வரும் என்று நம்பி எழுதிய ரிப்போர்ட்டுகள் குலைந்து வரும், ஆர்டர் பை சேர்க்க வேண்டும். பழைய முறைப் பாஸ்வேர்ட் பிளக்இன் 8.4-ல் இயல்பாகவே அணைந்திருக்கும், ஆகவே பழைய டிரைவர் உள்ள எதுவும் இணையாது. பிஎச்பியை முதலில் மாற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ் எழுத்துகள் உள்ள டேபிள்களைத் தனியாகப் பாருங்கள். பழைய அப்ளிகேஷன்களில் டேபிள் லத்தீன்1 என்று அறிவிக்கப்பட்டிருக்கும், உள்ளே போனது யூடிஎஃப்-8 பைட்டுகளாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே தவறு இருந்ததால் திரையில் தமிழ் சரியாகத் தெரிந்துகொண்டிருக்கும். புதிய சர்வரில் இணைப்பின் இயல்பான எழுத்துத்தொகுதி மாறியதும் எல்லாம் கிறுக்கலாகிவிடும். ரீஸ்டோர் ஒத்திகையிலேயே சில பெயர்களைத் திறந்து பாருங்கள். கெட்ட எழுத்துகளோடு புதிய பதிவுகளும் கலந்துவிட்டால் பிரிப்பது மிகவும் கடினம்.

உங்கள் டேட்டாபேஸ் சில ஜிபிதான் என்றால் இரண்டு டேட்டாபேஸையும் தொடர்ந்து ஒத்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஏற்பாடெல்லாம் தேவையில்லை. அப்ளிகேஷனை நிறுத்தி, டம்ப் எடுத்து, ஏற்றி, திறக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒத்திகையில் அளந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளரிடம் "இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை" என்று சொல்லும்போது அந்த அளவைப்போல இரண்டு மடங்கு சொல்லுங்கள்.

அலுவலக சர்வரில் இருக்கும் போஸ்ட்கிரெஸ் பற்றி ஓர் எச்சரிக்கை, ஏனென்றால் இது அனுபவசாலிகளையே ஏமாற்றுகிறது. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை போஸ்ட்கிரெஸ் வழக்கமாக ஓஎஸ்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியிடம் கேட்டுக்கொள்ளும். ஜிலிப்சி 2.28-ல் அந்த வரிசை பெரிதாக மாறியது. சென்ட்ஓஎஸ் 7-ல் இருப்பது 2.17, நீங்கள் போகும் எந்தப் புதிய ஓஎஸ்ஸிலும் 2.28-க்கு மேல்தான். டேட்டா டைரக்டரியை அப்படியே காப்பி செய்து புதிய ஓஎஸ்ஸில் திறந்தால், அது சிணுங்காமல் திறக்கும். ஆனால் தேடலுக்காகப் பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸ்கள் புதிய வரிசையோடு ஒத்துப்போகாது. டேபிளில் இருக்கும் பதிவைத் தேடினால் கிடைக்காது, ஒன்றே இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நுழையும். டம்ப் எடுத்து ஏற்றினால் இன்டெக்ஸ்கள் புதிதாகவே கட்டப்படுவதால் இந்தச் சிக்கல் இல்லை. டம்ப் எடுக்கும்போது புதிய வெர்ஷனின் கருவியை வைத்துப் பழைய டேட்டாபேஸிலிருந்து எடுங்கள்.

ஜென்கின்ஸை அதே நாளில் தொடாதீர்கள். புதிய நிரலை சர்வருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அது. சேருமிடமும் மாறி, கொண்டுபோவதும் மாறினால் எதையும் நம்ப முடியாது. ஆனால் ஒத்திப்போடவும் வேண்டாம். ஜென்கின்ஸ் சர்வரில் உள்ள ஃபைல்களின் சில வரிகளையாவது லாகின் இல்லாமலேயே வெளியார் படிக்க வழிசெய்த ஓட்டை ஒன்று 2024 ஜனவரியில் வெளியானது, உங்களுடையது அதற்கு முந்தைய வெர்ஷனாக இருந்தால் அதில் உள்ள பாஸ்வேர்ட்களும் கீகளும் ஆபத்தில் இருக்கின்றன. லைவ் சர்வர் வேலைக்கு முன்பே, தனியாக ஒரு வாரம் ஒதுக்கி இதை முடிக்கலாம். ஹோம் டைரக்டரி முழுவதையும் காப்பி எடுத்து, புதிய மெஷினில் தேவையான ஜாவாவோடு எழுப்பி, பிளக்இன்களை அங்கே புதுப்பித்து, ஒரு ஜாபை ஓட்டிப் பாருங்கள். எந்த ஜாவா வேண்டும் என்பது ஜென்கின்ஸ் வெர்ஷனைப் பொறுத்து மாறும், அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சங்கடம் வரக்கூடும். புதிய ஓஎஸ்ஸில் உள்ள எஸ்எஸ்எச், பழைய ஷா-1 கையொப்பங்களை ஏற்காது. அதனால் புதிய ஜென்கின்ஸிலிருந்து வாடிக்கையாளரின் மிகப் பழைய சர்வர் ஏதாவது ஒன்றுக்கு டிப்ளாய் செய்யும்போது இணைப்பு மறுக்கப்படலாம். பாதுகாப்பைப் பொதுவாகத் தளர்த்தாமல், அந்த ஒரு சர்வருக்கு மட்டும் விலக்கு எழுதுங்கள்.

குபெர்னெட்டிஸ் வேண்டாம். ஆறு அப்ளிகேஷன், பாதி நேரம் சர்வர் பார்க்கும் ஒரே ஆள் என்ற நிலையில், அதைப் பராமரிப்பதே உங்கள் முழு வேலையாகிவிடும். டாக்கர் நல்ல கருவி, ஆனால் இந்த மாற்றத்தோடு சேர்க்க வேண்டாம். டெவலப்பர்களின் லேப்டாப்பில் ஒரே பிஎச்பி வெர்ஷன் இருக்கச் செய்ய அதைப் பயன்படுத்தத் தொடங்குங்கள், பழகட்டும். கிளவுட் என்பது, இப்போதைக்கு, புதிய சர்வர் எங்கே இருக்கும் என்ற கேள்வி மட்டுமே. அங்கே ஒரு சாதாரண விர்ச்சுவல் மெஷின் எடுத்தால் போதும்.

அடுத்தது அந்த மூன்று நாள் விடுமுறை. ஆளே இல்லாத நாளில் செய்வது பத்திரம் என்று தோன்றும். எனக்கு அது பிடிக்கவில்லை. விடுமுறையில் வாடிக்கையாளர்கள் அப்ளிகேஷனைத் திறக்க மாட்டார்கள், அதனால் தவறு வெளிப்படாது. விடுமுறை முடிந்த காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழையும்போது வெளிப்படும், அதற்குள் நீங்கள் மூன்று நாள் தூங்காமல் இருந்திருப்பீர்கள். சர்வர் கொடுத்தவர், பேமென்ட் கேட்வேக்காரர் என்று உதவிக்குக் கூப்பிட வேண்டியவர்களும் விடுமுறையில் இருப்பார்கள். ஒரு செவ்வாய், புதன் ராத்திரி போக்குவரத்து குறைவான நேரத்தில் ஒரு சின்ன அடியை எடுத்து வைத்தால், மறுநாள் காலையிலேயே உண்மையான பயனர்கள் சோதித்துத் தந்துவிடுவார்கள். உதவிக்கும் ஆள் இருக்கும். விடுமுறை மூன்று நாளையும் ரீஸ்டோர் ஒத்திகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எது தவறினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

டேட்டாபேஸை மாற்றும் ராத்திரி மட்டும் வேறு மாதிரி. புதிய டேட்டாபேஸில் பயனர்களின் முதல் பதிவு விழுந்த நொடியிலிருந்து பழையதற்குத் திரும்புவது கிட்டத்தட்ட முடியாத காரியம். 8.0-ஐ 5.7-ஆக இறக்க மைஎஸ்கியூஎல்லில் வழி கிடையாது. ஆகவே திறப்பதற்கு முன்பு செய்ய வேண்டிய சோதனைகளைப் பகலிலேயே தெளிவான மனதோடு எழுதி வையுங்கள்: லாகின், ஒரு பில், ஒரு ரிப்போர்ட், ஒரு மெயில், டேபிள் வாரியாகப் பதிவுகளின் எண்ணிக்கை. எத்தனை மணிக்குள் அவை முடியாவிட்டால் பழையதற்கே திரும்புவது என்பதையும் எழுதுங்கள். அந்த முடிவை எடுப்பவர் கீபோர்டில் உட்கார்ந்திருப்பவராக இருக்கக்கூடாது. "இன்னும் பத்து நிமிஷம், முடிஞ்சிடும்" என்று சொல்லத் தோன்றாத ஒருவர் வேண்டும். முதல் நாளே டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை, அதாவது உங்கள் ஐபியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 விநாடிக்குக் குறைத்துவிடுங்கள். அப்படியும் சிலர் பழைய ஐபிக்கே வருவார்கள். பழைய சர்வரின் பிராக்ஸி அவர்களைப் புதியதற்கு அனுப்பிக்கொண்டிருக்கட்டும்.

இவ்வளவும் முடிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை ஆதரவு முடிந்த சர்வர் வெளியுலகைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-க்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லை. ஆகவே இந்த வாரமே எஸ்எஸ்எச் போர்ட்டை அலுவலக ஐபிக்கோ விபிஎன்னுக்கோ மட்டும் திறந்து வையுங்கள். டேட்டாபேஸை பிரவுசரில் திறக்கும் பிஎச்பிமைஅட்மின் இணையத்தில் எட்டும் இடத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஜென்கின்ஸ் வெளியிலிருந்து தெரியவே கூடாது. நாஸ் பெட்டி சர்வரோடு எப்போதும் இணைந்திருக்கிறது என்றால், ஒரு ரான்சம்வேர் இரண்டையும் சேர்த்தே பூட்டிவிடும். வேறு இடத்தில், வேறு பாஸ்வேர்டில், இன்னொரு பிரதி வேண்டும்.

முதலாளியிடம் வெர்ஷன் எண்களைப் பேச வேண்டாம். அவர் கேட்பது நியாயமான கேள்வி. ஓடுகிற ஒன்றில் பணம் போட யாரும் யோசிப்பார்கள். நீங்கள் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "சார், சர்வர் போயிடுச்சுன்னா எத்தனை மணி நேரம் வரைக்கும் வாடிக்கையாளர் பொறுத்துக்குவாங்க? எத்தனை மணி நேரத்து டேட்டா போனா சமாளிக்க முடியும்?" அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ரீஸ்டோர் ஒத்திகையில் உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். அவர் நான்கு மணி நேரம் என்று சொல்லி, உங்களுக்கு இரண்டு நாள் ஆகியிருந்தால், அந்தத் தாளே பேசும்.

அவருக்கு ஓர் உதாரணமும் தேவைப்படலாம். 2017-ல் ஈக்விஃபாக்ஸ் என்ற பெரிய அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்திலிருந்து சுமார் 14.7 கோடி பேரின் விவரங்கள் திருடு போயின. திருடர்கள் நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. மே மாதத்தில் அந்த வழியாக உள்ளே போனார்கள். அந்த அமைப்பும் அதுவரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பணம் என்று வரும்போது, முழுத் திட்டத்துக்கும் ஒப்புதல் கேட்காதீர்கள். ஒரு கூடுதல் மெஷினின் சில மாத வாடகை, உங்கள் நேரத்தில் வாரத்துக்கு ஒரு முழு நாள், இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். அந்த ஒரு நாளில் உங்களுக்கு வேறு டிக்கெட் வரக்கூடாது என்பதை அவர் வாயாலேயே டீமுக்குச் சொல்லவைத்துவிடுங்கள்.

எல்லாம் மாறிய பிறகு பழைய சர்வரை உடனே அழிக்க வேண்டாம். மைஎஸ்கியூஎல்லை நிறுத்தி, கிரான்களை அணைத்து வையுங்கள். பழைய கிரான் ஒன்று விழித்திருந்து வாடிக்கையாளருக்கு இரண்டாவது இன்வாய்ஸ் அனுப்புவது அடிக்கடி நடக்கும் விபத்து. ஒரு மாத இறுதிக் கணக்கு புதிய சர்வரில் ஒழுங்காக முடியும் வரை அது அப்படியே இருக்கட்டும். அதன் பிறகு டிஸ்க்கை முழுமையாக அழித்து, ஒயிட்லிஸ்ட்டுகளிலும் எஸ்பிஎஃப் பதிவிலும் பழைய ஐபி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் எடுத்துவிட்டு வாடகையை நிறுத்துங்கள். நீங்கள் விட்ட ஐபி நாளை வேறு யாருக்கோ போகும். உங்கள் பேமென்ட் கேட்வே அதை இன்னும் நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.